கடல்கடந்து வரும் பொருளும் சுங்கத் தீர்வையும்

(ஊரப்பாக்கத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசப் புகுந்த விஷயம் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் நம்மவர் வீடுகளில் இதனால் உண்டாகும் பணச்சேதமும் மனக்கலக்கமும் சிறியனவல்ல. ஊரப்பாக்கத்தில் கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. அதன்வழியே சீனத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஒரு பொருளை வரவழைப்பது, கடைத்தெருவுக்குச் சென்று கொத்தமல்லி வாங்குவதினும் எளிதாகிவிட்டது. திரையிற் கண்ட விலையே முழு விலையென்று எண்ணிப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். பிறகு பொருளோடு சுங்கத் தீர்வைச் சீட்டொன்றும் வாசலில் வந்து நிற்கும்பொழுது திகைக்கின்றோம்.

சுங்கம் நமக்குப் புதியதன்று. உல்கு என்பது அதன் பழம்பெயர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே காவலர் பண்டங்களுக்குப் புலிப்பொறி இட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறும். முதற் குலோத்துங்கனைச் சுங்கந் தவிர்த்த சோழனென்று போற்றுகின்றோம். ஒருவன் தவிர்த்ததைப் பட்டமாகச் சூட்டுமளவுக்கு ஏனையோர் அதனை வாங்கிவந்தனர் என்பதும் அப்பட்டத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது.

நிற்க. இக்காலத்துத் தீர்வையைக் கணக்கிடும் முறையைச் சிறிது ஊன்றிக் கேட்க வேண்டுகிறோம். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி, பொருளின் விலை மட்டும் கணக்கில் வருவதன்று; அதனைக் கொணரும் கூலியும் காப்பீட்டுத் தொகையும் அதனோடு சேரும். அக்கூட்டுத்தொகையின்மேல் அடிப்படைச் சுங்கவரி விழும். 2018 முதல் அவ்வரியில் நூற்றுக்குப் பத்து வீதம் சமூக நல மேல்வரி பல பொருள்களுக்கு உண்டு. இவையனைத்தையும் கூட்டி, அக்கூட்டலின்மேல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி விதிக்கப்படுகிறது. இது 2017 ஜூலை முதல் நடைபெறுவது. வரியின்மேல் வரி என்பது இதுவே. உதாரணமாக, கூலியும் காப்பீடும் உட்பட 10,000 ரூபாய் பெறும் பொருளொன்றுக்கு அடிப்படை வரி நூற்றுக்கு 20 என்றும், சரக்கு சேவை வரி 18 என்றும் வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 2,000, மேல்வரி 200, ஆக 12,200. இதில் நூற்றுக்கு 18 என்பது 2,196. மொத்தத் தீர்வை 4,396 ரூபாய். இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டென்று வாய்க்கணக்குப் போட்டவர் 3,800 ரூபாயே எதிர்பார்த்திருப்பார். விகிதங்கள் பொருளுக்குப் பொருள் வேறுபடும்; வரவு செலவுத் திட்டங்களில் மாறவும் மாறும். முறை மட்டும் இதுவே. (நம் ஊரை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலைக்கும் இவ்வரிக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து வாய்த்திருப்பது ஒரு வேடிக்கை. சாலைக்காவது ஒரு முடிவு உண்டு.)

சில தேசங்களிற் சிறு பொதிகளுக்குச் சலுகை இருந்தது. அமெரிக்கா 800 டாலர் வரையில் தீர்வையின்றி விட்டுவந்து, 2025 ஆகஸ்டு 29 முதல் அதனை நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலிருந்த வரிவிலக்கை 2021 ஜூலையில் நீக்கிற்று. நம் நாட்டிலோ, விதிக்கத்தக்க தீர்வையே 100 ரூபாய்க்கு மேற்படாதாயின் வாங்காது விடுவர், அவ்வளவே. ‘அன்பளிப்பு’ என்று எழுதிவிட்டாற் போதுமென்று இன்னமும் சிலர் நம்புகின்றனர். 2019 டிசம்பர் 12-ஆம் நாள் வெளியான அறிவிக்கையினால் அவ்வழி அடைபட்டது. உயிர்காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறுமே விலக்குப் பெற்றன. ஏனைய அன்பளிப்புகள் முழுத் தீர்வை செலுத்தியே உள்ளே வரலாம்.

2021-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பிராணவாயுச் செறிவூட்டிகளுக்கும் வரி கேட்கப்பட்டதை இங்கே நினைவூட்டுவது தகும். நூற்றுக்கு 28 ஆக இருந்த ஒருங்கிணைந்த வரியை அவ்வாண்டு மே மாதத்தில் 12 ஆகக் குறைத்தனர். எண்பத்தைந்து வயது முதியவரொருவர் டில்லி உயர்நீதிமன்றத்தை அடைய, தம் உபயோகத்துக்காக அன்பளிப்பாகப் பெற்ற கருவிக்கு அவ்வரி அரசியலமைப்புக்கு மாறானதென்று மே 21-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. ஜூன் முதல் நாளிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பின்னர் வரி 5 ஆகக் குறைக்கப்பட்டது. மூச்சுக்குத் தவிப்பவரிடம் வரி கேட்பது எவ்வாறு அறமாகுமென்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. ஆயினும் அதனைக் கேட்கும் இடம் நீதிமன்றமும் சட்டசபையுமே. பொய்ச்சீட்டு அதற்கு வழியன்று.

பொய்ச்சீட்டு என்றோம். விற்பவரிடம் சொல்லி விலையைக் குறைத்தெழுதச் செய்வது சாமர்த்தியமென்று நம் இளைஞரிற் சிலர் கருதுகின்றனர். சுங்க அதிகாரிகள் எழுதிய விலையை ஏற்கக் கடமைப்பட்டவரல்லர். அவர்கள் பொருளைப் பறிமுதல் செய்யலாம், தண்டமும் விதிக்கலாம். விளையாட்டுக்கென வரவழைக்கும் டிரோன் என்னும் ஆளில்லா வானூர்தியோ, 2022 பிப்ரவரி முதல் இறக்குமதிக்கே தடையுள்ளது. மின்சிகரெட்டு 2019 முதலே தடைப்பட்டது. தீர்வை செலுத்தச் சித்தமாயிருப்பினும் இவை கைக்கு வாரா.

இனிச் சொல்லப்போவதை முதியோர் குறிப்பாகக் கேட்க வேண்டும். தீர்வை எவ்வாறு வாங்கப்படுகிறதென்பதை மக்கள் அறியாமையே வஞ்சகருக்கு மூலதனம். ‘உங்கள் பெயரில் வந்த பொதி சுங்கத்தில் நிற்கிறது, அதனுள் போதைப்பொருள் இருக்கிறது, இப்பொழுதே பணம் அனுப்பாவிடிற் சிறை’ என்று கைப்பேசியில் மிரட்டுகின்றனர். காணொளியில் காவலுடையோடு தோன்றி, அறையை விட்டு அகலலாகாதென்று நாட்கணக்கில் அடைத்து வைக்கின்றனர். இதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லையென்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். ஓய்வூதியத்தையும் பெண்ணின் விவாகத்துக்கு வைத்த வைப்புநிதியையும் இவ்வாறு இழந்தோர் நாடெங்கும் உளர்.

மெய்யான தீர்வை எப்படி வருமென்று தெரிந்தவரை இவ்வஞ்சகர் அசைக்க முடியாது. அஞ்சலில் வந்தால் தபால்காரர் பொதியை ஒப்படைக்கும்போது தொகையை வாங்கிக்கொள்வார். கூரியர் நிறுவனமாயின், அது தீர்வையை முன்னரே செலுத்திவிட்டு, தன் கட்டணத்தையும் சேர்த்து உம்மிடம் கேட்பது வழக்கம். அடையாளச் சான்றும் கேட்கும். சில விற்பனையாளர் ஆர்டர் செய்யும்பொழுதே தீர்வைக்கென முன்பணம் பெறுவதுமுண்டு. சுங்க அதிகாரி எவரும் தம் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லார். 2019 நவம்பர் முதல் சுங்கத்துறைக் கடிதங்களில் ஆவண அடையாள எண் பொறிக்கும் ஏற்பாடு உண்டு. அதனை அத்துறையின் இணையதளத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டாலோ, நாணி மறைக்காமல், அந்நிமிஷமே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிப் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைக்க எண்ணுவோர், பணம் கட்டுமுன் பொருளின் விவரத்தையும் விலையையும் அனுப்புங் கூலியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஞாயிறு மாலை நம் சங்கக் காரியாலயத்துக்கு வருவாராயின், அப்பொழுதுள்ள விகிதப்படி கணக்கிட்டுக் கொடுக்கச் சித்தமாயிருக்கின்றோம். தனியே வசிக்கும் முதியோருக்கு இத்தகைய மிரட்டல் ஏதேனும் வந்திருப்பின், ஞாயிறு வரையிற் காத்திராமல் உடனே சங்கத்தாரில் ஒருவரை அழைக்கலாம்.