தையற்பொறியும் மின்சாரமும்

மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் தையற்பொறி ஓடினால்தான் அடுப்பு எரியும். அப்பொறியின் மோட்டார் கருகினால் அன்றைய கூலி மட்டுமன்று, பல நாள் உழைப்பும் வீணாகும்.

மிதியிலிருந்து காலை எடுத்தால் பொறி நிற்குமேயன்றி, மின்தொடர்பு அறுவதில்லை. ஆதலால் ஊசி மாற்றுமுன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். இடிமழை நெருங்குமுன்பும், மின்சாரம் தடைப்பட்டவுடனும் அவ்வாறே செய்யுங்கள். மீண்டு வரும் மின்சாரம் சில வேளைகளில் அளவு மீறிப் பாயும்.

நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். 110 வோல்ட்டுக்கென அமைந்த அயல்நாட்டுப் பொறியை மின்மாற்றியின்றி இணைத்தல் ஆகாது.

உலோகப் பொறியின் எர்த் கம்பி அறுந்திருந்தால் உடனே செப்பனிடுங்கள். முன்னவற்றுள் பெரும்பாலானவை பொறியைக் காப்பன. இதுவோ தைப்பவர் உயிரையே காப்பது.