வண்டின் நிறம் கூறும் எச்சரிக்கை



பால்வெட்டுக்குச் செல்லும் வழியில் எத்தனையோ பூச்சிகளைக் காண்கின்றோம். வெட்டுக்கிளி இலையின் பச்சையிலும், அந்துப்பூச்சி மரப்பட்டையின் நிறத்திலும் மறைந்துகொள்கின்றன. பொறிவண்டோ செந்நிற முதுகில் கரும்புள்ளிகளுடன் எல்லார் கண்ணிலும் படும்படி ஊர்கின்றது. பறவைகளுக்கு அது அஞ்சுவதில்லையா?

அஞ்ச வேண்டியதில்லை. பிடிபட்டவுடன் அது தன் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் நீரைக் கசியவிடும். அறியாத இளம்பறவை ஒருமுறை கொத்திவிட்டு உமிழ்ந்துவிடும். பிறகு அந்நிறத்தைக் கண்டாலே விலகிச் செல்லும். நிறம் பளிச்சென்று இருப்பதால்தான் பாடம் எளிதில் மறவாமல் நிற்கின்றது. ஒரு வண்டு பட்ட துன்பம் அதன் இனத்தையே காக்கின்றது.

பகட்டான நிறம் ஓர் எச்சரிக்கை என்னும் இக்கருத்தை 1867ஆம் ஆண்டில் அறிஞர் டார்வினுக்கு எடுத்துரைத்தவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஆவார். கம்பளிப்புழுக்கள் சிலவற்றின் நிறத்தைப் பற்றி டார்வின் வினவியபோது அவர் அளித்த விளக்கம் அது. 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கிய வாலஸ், மலாக்காவிலும் சரவாக்கிலும் ஏராளமான வண்டுகளைச் சேகரித்தவர்.

இனி, நம் உடல்நலத்தைத் தொடும் வேறொரு வண்டைக் காண்போம். மலாய் மொழியில் 'செமுட் காயாப்' என்பர். எறும்பெனத் தோன்றினும் அது வண்டினமே. நீளம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். தலையும் வால்நுனியும் கறுப்பு. நெஞ்சும் வயிறும் ஆரஞ்சு நிறம். குறுகிய சிறகுமூடி கருநீலம். இரவில் விளக்கொளியை நாடி வீட்டினுள் வரும்.

இது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. உடம்பில் ஊரும்போது நாம் அடித்து நசுக்கினால்தான், அதன் உடல்நீரிலுள்ள 'பெடரின்' என்னும் நஞ்சு நம் தோலில் படுகின்றது. ஓரிரு நாளில் அவ்விடம் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கின்றது. இதனை அக்கி எனத் தவறாக எண்ணிக் காவி எழுதிக் காலங்கடத்துவோரும் உளர்.

ஆகவே, அவ்வண்டு மேலே ஊர்ந்தால் அடிக்காதீர்கள். ஊதித் தள்ளுங்கள் அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு அகற்றுங்கள். தவறி நசுங்கிவிட்டால் உடனே சோப்பும் நீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. கொப்புளம் கண்டாலோ, கண்ணில் எரிச்சல் கண்டாலோ மருத்துவரை நாடுங்கள். படுக்குமுன் பாயையும் தலையணையையும் உதறுங்கள். தேவையற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இவ்வண்டு நமக்குப் பகையன்று. பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. "என்னைத் தொடாதே" என்று தன் நிறத்தாலேயே அது முன்கூட்டி அறிவிக்கின்றது. பறவை ஒருமுறை பட்டுத் தெளிகின்றது. நாமோ படாமலே தெளியலாம். இன்றிரவே நம் பிள்ளைகளை அருகமர்த்தி இந்நிறங்களைச் சொல்லிக் கொடுப்போமாக.