பொதுக் கல்வி யாருக்காக?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் திருநெல்வேலி கல்விக்கு இடங்கொடுத்த ஊர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் இங்கு நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலேதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றிற்று. அதுவே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். இப்பெருமையைப் பேசும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அதன் வாயில் அயலிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தூரத்திலா இருக்கிறது?

முன்னாளில் தாய்மொழிப் பாடசாலை இலவசம். உத்தியோகம் தரும் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம். கட்டணம் கட்ட இயலாதவன் அறிவிற் குறைந்தவனல்லன். ஆயினும் அவனுக்குக் கதவு அடைபட்டது. கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் வந்த இலவசக் கல்வியே அக்கதவைத் திறந்தது. யாழ்ப்பாணத்திலே வேறொரு கதவும் இருந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென 1929இல் அரசாங்கம் பணித்தபோது, எதிர்த்தவர்கள் அந்நியரல்லர், நம்மவரே.

இன்று பணம் வேறு வழியாற் பிரிக்கிறது. ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் 400 அளவானவையே மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள். மற்றவை மாகாண நிர்வாகத்தின் கீழுள்ளன. அரசாங்கம் தருவது போதாதவிடத்து, குறையை நிரப்புவோர் பெற்றோரும் பழைய மாணவருமே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கமுள்ள கல்லூரிக்கு மண்டபம் எழும்புகிறது. கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள் படிக்கும் சிறு பாடசாலைக்கோ கேட்கவும் ஆளில்லை, கொடுக்கவும் ஆளில்லை.

கொடுப்போரை நாம் குறைகூறவில்லை. படித்த கல்லூரிக்குச் செய்வது நன்றிக்கடன். ஆனால் நன்றி வேறு, நீதி வேறு. பொதுக் கல்வியின் நோக்கம் கெட்டிக்காரரைத் தெரிந்தெடுப்பது மட்டுமன்று. தகப்பனின் வருமானம் பிள்ளையின் தலைவிதியாகாமற் காப்பது. ஆகவே, தேவை கூடிய பாடசாலைக்கே கூடிய பங்கு கிடைத்தல் வேண்டும். அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. கேட்பது நமது கடமை.

உதவி நன்கொடைப் பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பொறுப்பேற்றபின், ஊர்ப் பாடசாலை ஊரின் பொறுப்பென்ற எண்ணம் நம்மிடத்துத் தளர்ந்துவிட்டது. இளைஞர்களே, விழாச் செலவிற் பத்திலொரு பங்கை அயலிலுள்ள சிறு பாடசாலைக்கு ஒதுக்குவோம். வாரத்தில் இரு மாலைகள் அங்கு சென்று கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்போம். பெரியோர்களே, உங்கள் கல்லூரிக்காக மனு எழுதும்போது, அச்சிறு பாடசாலையின் பெயரையும் அதிலே சேர்த்து எழுதுங்கள்.