உடைந்த விளக்கும் எஃப்.சி.யும்

(வாகனம் வைத்திருப்போருக்காகவும் ஓட்டுநர்களுக்காகவும் குன்றாண்டார்கோவிலில் நடந்த கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)



மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு சிறிய கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறோம். வண்டியில் நாமாகப் பொருத்திய கூடுதல் விளக்கு உடைந்து போனால் எஃப்.சி. கிடைக்குமா, கிடைக்காதா? நம் ஊரில் ஆட்டோ, குட்டியானை, வேன், கார் வைத்திருக்கும் பலர் எங்களிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் முதலில் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது நமது அறக்கட்டளைதான். எனவே எங்கள் தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

நமது ஆம்புலன்ஸை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ராத்திரி பகல் பாராமல் கீரனூருக்கும் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சில வேளை தஞ்சாவூருக்கும் நோயாளிகளை ஏற்றிச் செல்கிறது. அதன் முன்பக்கக் கம்பி கார்டில் இரண்டு எல்.இ.டி. விளக்குகள் இருந்தன. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பி நல்ல நிய்யத்தில் வாங்கித் தந்தவை. வைக்கோல் ஏற்றிய டிரெய்லரில் உரசி அதில் ஒன்று உடைந்தது. நமது ஓட்டுநர் வந்து, "மாமா, அடுத்த மாசம் எஃப்.சி. வருது. இந்த லைட்டை மாத்தணுமா, இல்ல இப்படியே காட்டலாமா?" என்று கேட்டார்.

நாங்கள் கூடிப் பேசிச் சொன்ன பதில் இதுதான்: "ரெண்டையும் கழற்றிட்டுக் கொண்டு போய்க் காட்டு. சான்று கைக்கு வந்ததும் புதுசாப் போட்டுக்கலாம்." செலவு மிச்சம், வேலையும் முடிந்தது என்று நினைத்தோம். அப்படியே செய்தோம், சான்றும் கிடைத்தது. திரும்பி வந்ததும் புது விளக்குகளைப் பொருத்தினோம்.

சில வாரங்கள் கழித்து, அதிகாலையில் வீடு வீடாகப் பால் ஊற்றும் பெரியவர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க வண்டி எதிர்க்க வந்தா எனக்குக் கண்ணு ஒண்ணுமே தெரியலை. நோயாளி வண்டியாச்சே, என்ன சொல்றதுன்னு இருந்தேன். இப்பல்லாம் தூரத்துல பாத்ததுமே ரோட்டை விட்டு எறங்கி நின்னுடுறேன்."

எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. உயிரைக் காப்பாற்ற ஓடும் வண்டி, எதிரே வருபவரைச் சாலையை விட்டு இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் இறங்கி நிற்கும் இடத்தில் ஒரு நாள் பள்ளம் இருந்திருந்தால்? அதன் பிறகுதான் விதிகள் என்ன சொல்கின்றன என்று உட்கார்ந்து படித்தோம். படித்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், யாருக்கு எஃப்.சி. என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, டிரான்ஸ்போர்ட் வகை வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயம் என்கிறது. ஆட்டோ, வாடகைக் கார், லோடு வண்டி, பள்ளி வேன், ஆம்புலன்ஸ், ஜனாஸா வண்டி எல்லாம் இதில் அடங்கும். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அது முடிந்ததும் வண்டியைச் சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பழைய கார் வாங்கும் சகோதரர்கள் ஆர்.சி. புத்தகத்தில் இந்தத் தேதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது விளக்குகள். இவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் வகை, சட்டம் கேட்கும் விளக்குகள். ஹெட்லைட், அதன் டிம், பின்பக்கச் சிவப்பு விளக்கு, பிரேக் லைட், நான்கு இண்டிகேட்டர், நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் தரும் விளக்கு, ரிவர்ஸ் லைட், பின்னால் ஒட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவற்றில் ஒன்று எரியாவிட்டாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். ஆம்புலன்ஸின் கூரையில் சுழலும் விளக்கையும் இந்த வகையில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அது அலங்காரம் அல்ல, அந்த வண்டியின் வேலையே அதில் இருக்கிறது.

இரண்டாவது வகை, சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கம்பெனியே பொருத்தி அனுப்பும் விளக்குகள். பம்பரில் இருக்கும் ஃபாக் லேம்ப் இதற்கு நல்ல உதாரணம். "இது கட்டாயம் இல்லையே, உடைந்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆவது விதிதான் சோதனையில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. அதில் ஹெட்லைட்டின் ஒளி சரியான திசையில் விழுகிறதா என்பதோடு, மற்ற விளக்குகள் வேலை செய்கின்றனவா என்பதும் இருக்கிறது. வண்டியில் ஒரு விளக்கு இருந்தால் அது எரிய வேண்டும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தாலும் தண்ணீர் இறங்கி உள்ளே பாசி பிடித்து, ஒரு மழைக்குள் ஷார்ட் ஆகும். புதிய ஃபாக் லேம்ப் வாங்க வசதி இல்லாதவர்கள், அதே காரின் குறைந்த விலை மாடலில் அந்த இடத்தை மூடி வரும் பிளாஸ்டிக் கவரைக் கேட்டு வாங்குங்கள். விளக்கைக் கழற்றி, ஒயரின் முனையை முறையாக மூடி, கவரை மாட்டிவிட்டால் உடைந்த பொருள் என்ற பேச்சே இருக்காது.

மூன்றாவது வகைதான் எங்களை மாட்டிவிட்டது. நாமாகக் கடையில் வாங்கிப் பொருத்தும் விளக்குகள். இவை உடைந்திருக்கின்றனவா என்பது பிறகு வரும் கேள்வி. இவை வண்டியில் இருக்கலாமா என்பதே முதல் கேள்வி. முன்பக்கம் ஸ்பாட் லைட், தேடு விளக்கு போன்றவற்றைப் பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் பொருத்தக்கூடாது என்கிறது 111-ஆவது விதி. முன்னால் சிவப்பு ஒளியோ, பின்னால் சிவப்பு அல்லாத ஒளியோ காட்டக்கூடாது என்பது 108-ஆவது விதி. இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. விளக்கைத் தாங்கும் கம்பி கார்டே கூடாது என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அந்தக் கம்பி, மோதும்போது நடந்து போகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

ஆக, கேள்விக்கு நேரான பதில் இது. சட்டம் கேட்கும் விளக்கு உடைந்தால் மாற்றுங்கள். கம்பெனி விளக்கு உடைந்தால் மாற்றுங்கள், அல்லது முறையாக அகற்றி மூடுங்கள். நாமாகப் போட்ட விளக்கு உடைந்தால் அதை அகற்றிவிடுங்கள், திரும்பப் போடாதீர்கள். அகற்றும்போது விளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஒயரைத் தொங்கவிடக்கூடாது. ஹார்னிலிருந்தும் ஹெட்லைட்டிலிருந்தும் ஃபியூஸ், ரிலே எதுவும் இல்லாமல் லைன் எடுத்திருந்தால் அந்த ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஆரம்பம் வரை எடுத்துவிடுங்கள்.

இப்போது 106-ஆவது விதிக்கு வருகிறோம். எங்கள் மனதைத் தைத்தது இதுதான். டிம் போட்ட விளக்கின் ஒளி, வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், சற்று வலப்பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசக்கூடாது என்கிறது அந்த விதி. அந்த உயரத்தில் இருப்பது யாருடைய கண்? டி.வி.எஸ்.ஸில் பால்கேனோடு வரும் அந்தப் பெரியவரின் கண். சைக்கிளில் டியூஷன் முடிந்து வரும் நம் வீட்டுப் பிள்ளையின் கண். சட்டம் எழுதியவர்கள் எதிரே வரும் மனிதரை மனதில் வைத்து அளந்திருக்கிறார்கள். நாங்களோ சான்றிதழை மட்டும் மனதில் வைத்திருந்தோம்.

சான்று கிடைத்தால் போதும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒரு முறை கண்ணீரோடு பார்த்திருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்துக்கு அண்மையில்தான் எஃப்.சி. வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்று மே மாதத்தில் பள்ளி வேன்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஆய்வு செய்வதைப் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் அந்தப் பிள்ளையின் மவ்த் இருக்கிறது. காகிதத்தில் தகுதி இருந்தது, வண்டியில் இல்லை.

எஃப்.சி. என்பது சோதனை நடக்கும் அந்த ஒரு நாளுக்கான நாடகம் அல்ல. அடுத்த சோதனை வரை இந்த வண்டி யாருக்கும் தீங்கு செய்யாது என்று நாம் கொடுக்கும் வாக்கு. வாக்கு அமானிதம். பாதையில் கிடக்கும் கல்லையும் முள்ளையும் அகற்றுவது ஈமானில் சேர்ந்தது என்று நமக்குக் கற்றுத் தந்தார்கள் நபி (ஸல்) அவர்கள். அதே பாதையில் கண்ணைக் குருடாக்கும் ஒளியை நாமே கொண்டுபோய்ப் போடலாமா? அதிகாரி பார்க்காதபோதும் அல்லாஹ் பார்க்கிறான் என்பது மதரஸாவில் ஓதிய முதல் பாடம். எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், நமது ஆம்புலன்ஸில் இப்போது கார்டும் இல்லை, அந்த விளக்குகளும் இல்லை. விளக்கு வாங்கித் தந்த தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னோம். அவர் மனம் கோணவில்லை. "சரிதான் மாமா, அதுக்குப் பதிலா ஹெட்லைட்டை நல்லா மாத்திடுங்க" என்றார். மஞ்சள் படிந்துபோன பழைய ஹெட்லைட் கண்ணாடிகளை மாற்றினோம். கம்பெனி சொன்ன 60/55 வாட்ஸ் பல்பையே போட்டோம். 100 வாட்ஸ் பல்பு போட்டால் வெளிச்சம் கூடும் என்று சொல்வார்கள். அதோடு ஹோல்டரும் ஒயரும் கருகும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சாலை தெரியவில்லை என்ற குறை நம் ஓட்டுநருக்கு இப்போது இல்லை.

இனி நாம் செய்ய வேண்டியது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பின், இன்ஷா அல்லாஹ், மதரஸாவின் மதில் முன்னால் வண்டிகளின் விளக்கைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். சமதரையில் மதிலைப் பார்த்து வண்டியை நிறுத்தி டிம் போட்டால், இரண்டு விளக்கின் ஒளியும் ஒரே மட்டத்தில், விளக்கின் உயரத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். பின்னால் ஒருவர் நின்று பிரேக் லைட்டையும் இண்டிகேட்டரையும் பார்த்துச் சொல்வார். பத்து நிமிட வேலை. எல்லாச் சமூகத்துச் சகோதரர்களும் தங்கள் வண்டியைக் கொண்டு வரலாம். எஃப்.சி. நெருங்கியும் விளக்கு மாற்றக் கையில் பணமில்லாத ஆட்டோ, லோடு வண்டி ஓட்டுநர்களுக்கு அறக்கட்டளையின் அழகிய கடன் நிதியிலிருந்து வட்டியில்லாமல் உதவுவோம். தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள்.

போன வாரம் நம் ஓட்டுநர் ஒரு செய்தி சொன்னார். விடிவதற்கு முன் கீரனூர் சாலையில் பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எதிரே அந்தப் பால்காரப் பெரியவர் வந்திருக்கிறார். இந்த முறை அவர் சாலையை விட்டு இறங்கி நிற்கவில்லையாம். கையை உயர்த்திக் காட்டிவிட்டு அவர் பாட்டுக்குத் தன் ஓரத்தில் போய்விட்டாராம்.

பாங்கு நேரமாகிவிட்டது. சாலையில் செல்லும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.