தேர்ச் சக்கரமும் கார்ச் சக்கரமும்

காஞ்சி மாநகரில் தேர்த் திருவிழா நடைபெறும் நாட்களில் வீதியெங்கும் மக்கள் வெள்ளம் நிறைந்திருக்கும். வந்தவர்கள் தேரின் கலசத்தை நோக்குவர். வடம் பிடிப்போரை நோக்குவர். சக்கரத்தைக் கூர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. இன்று உங்களைச் சக்கரத்தின் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்குமாறு அழைக்கின்றேன். அதன் வழியே, இக்கால இளைஞர் சிலர் தம் காரில் செய்துகொள்ள விரும்பும் ஒரு மாறுதலைப் பற்றியும் பேச எண்ணுகின்றேன்.

ராஜ வீதியின் முனையில் தேர் திரும்புகிறது. வெளிப்புறத்துச் சக்கரம் பெரிய வளைவில் செல்கிறது. உட்புறத்துச் சக்கரம் சிறிய வளைவில் செல்கிறது. இரண்டும் கடக்கும் தூரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு எவ்வளவு? சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செங்கோணத் திருப்பம் ஒன்றில் வேறுபாடு ஏறத்தாழ 4.7 மீட்டர். வளைவின் ஆரம் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆரம் எதுவாயினும் விடை ஒன்றே! வெளி வில்லின் நீளத்திலிருந்து உள் வில்லின் நீளத்தைக் கழித்துப் பாருங்கள். ஆரம் கழித்தலில் மறைந்துபோகும், அகலமும் கோணமும் மட்டுமே எஞ்சி நிற்கும். ஆகவே நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேரும் தேரில், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட 18.8 மீட்டர் கூடுதலாக உருண்டிருக்கும். வீதிகள் நீண்டிருப்பினும் குறுகியிருப்பினும் இக்கணக்கு மாறாது. வகுப்பறையில் வட்டத்தின் சுற்றளவைக் கற்பிக்க இதனினும் நல்லதோர் எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தேருக்கு இவ்வேறுபாட்டால் இடர் ஒன்றும் இல்லை. அச்சு அசையாது நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனியே சுழல்கின்றன. முட்டுக்கட்டை போடுவோர் படும் பாடு வேறு காரணத்தால் வருவது. தேரின் அச்சு திசை திரும்பாது என்பதே அக்காரணம். மாட்டு வண்டியிலும் அவ்வாறே, கடையாணிக்கு உள்ளே ஒவ்வொரு சக்கரமும் தன் போக்கில் சுழலும். இழுப்பது வடமும் மாடும்; சக்கரம் உருள்வதோடு சரி. இயந்திரம் வந்து, சக்கரத்தையே சுழற்றி வண்டியை ஓட்டத் தலைப்பட்டபோதுதான் சிக்கல் பிறந்தது. இரு சக்கரங்களையும் ஓர் அச்சில் இறுக்கிச் சுழற்றினால் அவை திருப்பத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்றை மட்டும் சுழற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி தம் மகனோடு, ஆளுக்கு ஒரு சக்கரத்தை மிதித்து ஓட்டும் வண்டியொன்றில் சென்றபோது, இளைஞனான மகனின் கால் வலிமையால் வண்டி ஒருபுறம் திரும்பிச் சாலையை விட்டு இறங்கியது என்றும், அதன் பின்னரே அவர் இதற்கு வழி தேடினார் என்றும் சொல்வர். 1877ஆம் ஆண்டில் அவர் மிதிவண்டிகளில் ஒரு பல்சக்கர அமைப்பைப் பயன்படுத்தினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சில் பெக்கேர் என்னும் கடிகார வினைஞர் நீராவி வண்டிக்காக அதனை வகுத்திருந்தார். அதனையே நாம் டிஃபரன்ஷியல் என்கிறோம்.

அதன் உள்ளமைப்பு எளியது. இயந்திரத்தின் சுழற்சி கிரவுன் வீல் என்னும் பெரும் பல்சக்கரத்தை அடைகிறது. அதனோடு பிணைந்த கூட்டுக்குள் சிறு பல்சக்கரங்கள் உள்ளன. அவை இரு பக்கத்து அச்சுகளின் பல்சக்கரங்களோடும் பற்களைக் கோத்து நிற்கின்றன. நேர்வழியில் சிறு சக்கரங்கள் தம்மில் சுழலாமல் கூட்டோடு சேர்ந்து செல்லும். திருப்பத்தில் அவை தாமும் சுழன்று, உட்சக்கரம் இழந்த சுற்றுகளை வெளிச்சக்கரத்துக்கு வழங்கும். இரண்டின் சராசரி வேகமே கூட்டின் வேகம். அதே வேளையில், தராசுக் கோலைப் போல இருபுறமும் ஏறத்தாழ ஒரே முறுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும்.

இந்நேர்மையே அதன் குறையும் ஆகும். ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அதற்குப் பெரிய விசை தேவைப்படாது. ஆகவே மற்றச் சக்கரத்துக்கும் அச்சிறு விசையே கிட்டும். ஒன்று வீணே சுழல, மற்றொன்று அசையாது நிற்கும். நம் மாவட்டத்துச் சேற்று வயல்களில் டிராக்டர் ஓட்டுவோர் இதனை நன்கு அறிவர். டிராக்டரில் டிஃபரன்ஷியல் பூட்டு என்று ஒரு மிதி உண்டு. சேற்றில் சிக்கினால் அதை மிதிப்பர். இரு சக்கரங்களும் ஒன்றாகிச் சுழன்று வண்டி வெளியேறும். வரப்போரம் திரும்புமுன் அப்பூட்டை விடுவித்தே தீர வேண்டும்.

டிஃபரன்ஷியலைப் பற்றவைத்தல் என்பது, அந்த மிதியை என்றென்றைக்கும் மிதித்தே வைத்திருப்பதற்கு ஒப்பாகும். சிறு பல்சக்கரங்களை வெல்டிங் செய்து உருக்கி ஒட்டிவிடுகின்றனர். செலவு மிகக் குறைவு. ஜப்பானில் வளர்ந்து உலகெங்கும் பரவிய டிரிஃப்ட் என்னும் சறுக்கல் ஓட்டத்தில், பின்சக்கரங்கள் இரண்டும் ஒருசேர வழுக்குவதே வேண்டப்படுவது. 1989இல் வெளிவந்த மஸ்டா மியாட்டா போன்ற பின்சக்கர இயக்கமுள்ள சிறு விளையாட்டுக் கார்களில் அயல்நாட்டு இளைஞர் பலர் இதைச் செய்கின்றனர். படக்காட்சிகளைக் கண்டு நம் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கியுள்ளனர்: “பந்தயக் காருக்கு நன்றாய் இருப்பது வீதியில் ஓடும் காருக்கு ஏன் ஆகாது?” கேள்வி நல்ல கேள்விதான். அதட்டி அடக்குவதைவிடக் கணக்கிட்டுக் காட்டுவதே மேல்.

காரின் சக்கர இடைவெளி 1.5 மீட்டர் என்க. செங்கோணத் திருப்பத்தில் வேறுபாடு 2.36 மீட்டர், எந்த ஆரத்திலும் அவ்வளவே என்று முன்னரே கண்டோம். ஆனால் 75 மீட்டர் ஆரமுள்ள பந்தய வளைவில் கார் ஏறத்தாழ 118 மீட்டர் ஓடி அவ்வேறுபாட்டைச் சிறிது சிறிதாகத் தீர்க்கிறது. நூற்றுக்கு 2 பங்கே வழுக்கல். காஞ்சியின் நெசவாளர் தெரு முனையில் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், 8 மீட்டருக்கும் குறைந்த ஓட்டத்தில் அதே 2.36 மீட்டரைத் தீர்க்க வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு! டிஃபரன்ஷியல் இருந்தால் அது வலியின்றித் தீரும். பற்றவைத்துவிட்டால், டயர் தரையில் தேய்ந்தே தீர வேண்டும். டயர் கீச்சிட்டுத் துள்ளும். அச்சுகள் முறுக்குண்டு களைத்து ஒருநாள் முறியும். உட்சக்கரம் வண்டியை முன்னோக்கித் தள்ளுவதால், முன்சக்கரங்களைத் திருப்பினாலும் கார் திரும்ப மறுத்து நேரே செல்ல முற்படும். நேரே செல்லுமிடத்தில் இருப்பது யார்? பாவு சுற்றிக்கொண்டிருக்கும் பெரியவராக இருக்கலாம். பள்ளிக்குச் செல்லும் சிறுமியாக இருக்கலாம்.

மழைக்காலத்து நிலைமை இன்னும் கொடியது. சாதாரணக் காரில் ஈரத் திருப்பத்தில் விசையைக் கூட்டினால், பளு குறைந்த உட்சக்கரமே முதலில் வழுக்கும். வெளிச்சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு வண்டியின் பின்புறத்தைக் காக்கும். பற்றவைத்த காரில் இரண்டும் ஒருங்கே பிடி விடும். பின்புறம் சட்டென வீசிச் செல்லும். டிரிஃப்ட் வீரர் விரும்புவது இதையே. நம் தெருவுக்கு வேண்டாதது இதுவே.

பற்றவைப்பிலும் ஒரு தீங்கு உண்டு. பல்சக்கரத்தின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகு. முறையான முன்சூடேற்றலும் மெல்லக் குளிர்வித்தலும் இன்றி வெல்டிங் செய்தால் அது விரிசல் விடும். துண்டு ஒன்று உடைந்து பற்களுக்கிடையே விழுந்தால், ஓடுகின்ற காரின் பின்சக்கரங்கள் நொடிப்பொழுதில் இறுகிவிடக்கூடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகனங்களை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இது அதன் எல்லைக்குள் வருமா என்பதை வழக்கறிஞர்கள் வாதிடட்டும். முறியும் அச்சு தீர்ப்புக்காகக் காத்திராது.

பந்தய ஆர்வத்தை நான் இகழவில்லை. நம் மாநிலத்துக்கு அதில் பெருமையான மரபு உண்டு. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தோன்றியது. சோழவரத்துப் பழைய விமானத்தளத்தில் பல்லாண்டு பந்தயங்கள் நடந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை அமைந்தது. கோயம்புத்தூரில் பிறந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டிக்கு டிஃபரன்ஷியலே கிடையாது; திருப்பத்தில் அதன் உட்புறப் பின்சக்கரம் தரையினின்றும் சற்றே எழும்புமாறு அமைத்திருப்பர், ஆதலால் மல்லுக்கட்டு நேராது. வீதிக் காருக்கு அவ்வசதி இல்லை.

பிடிப்பும் வேண்டும், திருப்பமும் எளிதாக வேண்டும் என்போருக்கு வேறு வழி உண்டு. 1935இல் ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் பின்சக்கரங்கள் வீணே சுழல்வதைத் தடுக்க, ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒரு ஜெர்மானியப் பல்சக்கர நிறுவனத்தைக் கொண்டு, வழுக்கலை ஓரளவுக்கு மட்டும் அனுமதிக்கும் டிஃபரன்ஷியலைச் செய்வித்தார். அவ்வகை இன்றும் பல விளையாட்டுக் கார்களில் உள்ளது. விலை அதிகம்தான், அந்த விலையைக் கண்டு அஞ்சியே பலர் வெல்டிங் பட்டறையை நாடுகின்றனர்.

ஐயம் உடையோர் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு புட்டி மூடிகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் பசையிட்டு இறுக ஒட்டுங்கள். வேறொரு குச்சியில் இரு மூடிகளைத் தளர்வாகச் சுழலுமாறு செருகுங்கள். தரையில் சுண்ணக்கட்டியால் சிறு வளைவு ஒன்றை வரைந்து, மாவுத் தூளை மெல்லப் பரப்பி, இரண்டையும் அவ்வளைவின்மேல் உருட்டிச் செல்லுங்கள். தளர்ந்த மூடிகள் மாவில் தெளிவான இரு கோடுகளை விட்டுச் செல்லும். ஒட்டிய மூடிகள் செல்லுமிடத்தில் மாவு இழுபட்டுக் கலைந்து கிடக்கும்.