இரண்டு பெட்டிக்கு நடுவே

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. சைட்டில் மேஸ்திரியிடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. மைக்கைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். விடுதி மாணவர்களுக்கு ஒரு படிப்பகம் அமைத்துத் தர எங்கள் செட் பணம் சேர்த்திருக்கிறது. பழைய கப்பல் கன்டெய்னர் இரண்டு வாங்கி, ஜன்னல் வெட்டி, பெயின்ட் அடித்து, மெஸ்ஸுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. சிவில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் படமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. "பாதி நாள் கன்டெய்னர் ஆபீஸில் குடியிருந்தவன் நீதானே, நீயே வந்து சொல்லுப்பா" என்று செயலாளர் என்னை மேடை ஏற்றிவிட்டார்.

இந்தப் பெட்டியின் கதை அமெரிக்காவில் ஒரு லாரி முதலாளியிடம் தொடங்குகிறது. மால்கம் மக்லீன் என்று பெயர். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் காலம் அன்றோடு முடியத் தொடங்கிற்று. பெட்டியின் அளவு உலகத்துக்கெல்லாம் பொதுவானது அதற்குப் பிறகுதான்: அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி, நீளம் 20 அல்லது 40 அடி. இதை மனிதர் குடியிருக்கும் கட்டடமாக மாற்றும் முறைக்கு பிலிப் கிளார்க் என்பவர் 1987-இல் விண்ணப்பித்து 1989-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதற்கு முன்னாலேயே நம்மைப் போன்ற சைட்காரர்கள் காப்புரிமை ஏதும் கேட்காமல் அதற்குள் படுத்துத் தூங்கிக்கொண்டுதான் இருந்தோம்!

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1996 மே மாதம், சென்னைக்கு வடக்கே ஒரு குடோன் வேலை. வெளியூரிலிருந்து வந்த பன்னிரண்டு தொழிலாளர்கள் தங்க 40 அடி கன்டெய்னர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். மழைக்கு ஒழுகாது, பாம்பு வராது, பூட்டு போடலாம் என்று எனக்கு ஒரே பெருமை. முதல் நாள் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், உள்ளே ஒரு ஆள் இல்லை. பன்னிரண்டு பேரும் பாயை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குவியல் பக்கத்தில் கொசுக்கடியில் படுத்திருக்கிறார்கள். "ஏன்யா?" என்றால், பெரியவர் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "அது சரக்குக்குச் செஞ்ச பெட்டி சார்" என்றார். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அந்நேரத்திலும் சூடு அடங்கவில்லை.

சுவர் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடுதானே. செங்கல்லைவிட இரும்பு ஐம்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் என்று இந்தக் கல்லூரியில்தான் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். சைட்டில் மறந்துபோச்சு.

மறுநாள் காற்று வரட்டும் என்று ஒரு பக்கச் சுவரைப் பெரிய பெரிய ஜன்னலாக வெட்டச் சொன்னேன். குடிதண்ணீருக்கு ஆயிரம் லிட்டர் தொட்டியைக் கூரையின் நடுவில் ஏற்றினேன். ஒரு வாரத்தில் கூரை குழிந்தது, வெட்டிய பக்கம் தொய்ந்தது, கதவு சிக்கிக்கொண்டது. கப்பலில் எட்டு பெட்டி மேலே நின்றாலும் அசையாத பெட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு எப்படி வளைந்தது?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேலே உள்ள பெட்டிகளின் பாரமெல்லாம் நாலு மூலைத் தூண்கள் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. கூரைத் தகட்டுக்கு விதிக்கப்பட்ட சோதனையே இரண்டடிக்கு ஓரடி இடத்தில் 300 கிலோ, அவ்வளவுதான். மேலே நடக்கிற ஆட்களைத் தாங்கினால் போதும் என்று செய்தது. மடிப்பு மடிப்பாக இருக்கும் சுவர்த் தகடுதான் பெட்டி கோணிப்போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதை வெட்டினால், வெட்டிய ஓரம் முழுக்கச் சட்டம் கொடுத்துப் பற்றவைக்க வேண்டும். உங்கள் படத்தில் 40 அடிச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். அந்தச் சட்டத்துக்கும் வெல்டிங்குக்கும் கிரேனுக்கும் ஆகிற செலவையும் எஸ்டிமேட்டில் எழுதுங்கள். பெட்டி விலை அதில் ஒரு பங்குதான்.

உள்ளே அகலம் ஏழடி எட்டங்குலம். சூடு தடுக்க இரு பக்கமும் அட்டையும் பலகையும் அடித்தால் ஏழடி தேறும். நடுவில் மேஜை, இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் உட்கார்ந்தால், மூன்றாமவன் தாண்டிப் போக வழியில்லை. ரயில் பெட்டி மாதிரிதான்.

அப்படியானால் இது உதவாத சாமானா? இல்லை. ஜப்பானில் மியாகி மாநிலத்தில் ஒனகாவா என்று ஒரு கடற்கரை ஊர். 2011 மார்ச் 11 சுனாமி ஊரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. தற்காலிக வீடு கட்ட வேண்டும், ஆனால் மலைக்கும் கடலுக்கும் நடுவில் சமதரை கிடையாது. மிச்சம் இருந்தது ஒரு பேஸ்பால் மைதானம். வழக்கமான ஒரு மாடித் தற்காலிக வீடுகள் அதில் போதாது. காகிதக் குழாயில் கட்டடம் கட்டிப் பேர் வாங்கிய கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 20 அடி கன்டெய்னர்களை மூன்று அடுக்கு வரை தூக்கி அடுக்கினார். அந்த ஒரு மைதானத்தில் 189 வீடுகள், அந்த வருடமே முடிந்தது.

அவர் அடுக்கின விதம்தான் எனக்குப் பிடித்தது. சதுரங்கப் பலகை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கறுப்புக் கட்டத்தில் பெட்டி, வெள்ளைக் கட்டம் காலி. பெட்டிக்குள் குளியலறை, பிள்ளைகள் படுக்கும் அறை. இரண்டு பெட்டிக்கு நடுவே இருக்கும் காலி இடத்தைக் கண்ணாடியால் மூடி, குடும்பம் உட்காரும் கூடமாக்கிவிட்டார். குறுகலான இடம் குறுகலான காரியத்துக்கு, மனிதர் கூடி உட்கார வெளிச்சமான இடம். வெட்டும் வேலை குறைவு, மூலைக்கு மூலை பாரம் சரியாக இறங்குகிறது. 2014-இல் அவருக்கு பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தபோது என் வீட்டில் நான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், காரணம் யாருக்கும் புரியவில்லை!

ஆம்ஸ்டர்டாமில் கீட்வோனன் என்ற மாணவர் குடியிருப்பை நம் பிள்ளைகள் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். 2005, 2006-இல் வந்தது, ஆயிரம் அறைகள். ஆனால் அவை காயலான் கடையில் வாங்கிய பழைய பெட்டிகள் அல்ல. வீடாகவே சீனாவில் புதிதாகச் செய்து கப்பலில் வந்தவை. மேலும் அது குளிர் நாடு. நமக்கு ஏப்ரல், மே இருக்கிறது.

என் யோசனை இதுதான். இரண்டு பெட்டி வாங்கலாம், 20 அடியில் போதும். ஆனால் அதற்குள் யாரும் உட்கார்ந்து படிக்க வேண்டாம். இருபதடி இடைவெளி விட்டு எதிரெதிரே வையுங்கள். ஒன்றில் புத்தக அலமாரி, இன்னொன்றில் சாமான். இரண்டுக்கும் மேலாக உயரத் தூக்கி ஒரே கூரை போடுங்கள். பெட்டிக் கூரைக்கும் மேல் கூரைக்கும் நடுவில் இரண்டடியாவது காற்றோட வேண்டும். மேல் கூரையின் கால்கள் பெட்டியின் மூலைகளில் நிற்கட்டும், நடுவில் வேண்டாம். காற்றுக்குப் பறக்காதபடி கணக்குப் போட்டுப் பெட்டியை அஸ்திவாரத்தோடு பிணையுங்கள். மாணவர்கள் உட்காருவது நடுக்கூடத்தில், வேப்பமரக் காற்றில். 1996-இல் நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன். பெட்டிமேல் ஓரடி உயர்த்தித் தென்னங்கீற்றுக் கூரை போட்டு, பக்கத்தில் பந்தல் இழுத்துவிட்டேன். பெரியவர் பந்தலில் படுத்தார், சாமான் பெட்டிக்குள் படுத்தது.

பெட்டி பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். கதவில் ஒரு தகடு இருக்கும், தரைப் பலகைக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கும். பூச்சிமருந்து ஏற்றிய பலகை அது, மேலே வேறு தரை போடாமல் பிள்ளைகளை வெறுங்காலோடு நடக்கவிடக் கூடாது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருட்டில் நின்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கூரை ஓட்டை, வேறு பெட்டி பார்க்கலாம். கதவைச் சாத்தும்போது மட்டும் வெளியே ஒரு நம்பிக்கையான ஆளை நிறுத்துங்கள், தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. செயலாளரை நிறுத்த வேண்டாம்.