வாயிலில் இருப்பவர்



சிலப்பதிகாரத்தில் பெயர் கூறப்படாத ஒருவர் வருகிறார். பாண்டியன் அரண்மனையின் வாயிற்காவலர் அவர். கணவனை இழந்த கண்ணகி, விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக அவர்முன் வந்து நிற்கிறாள். அரசனையே பழித்துப் பேசுகிறாள். கொற்றவையோ காளியோ என்று அஞ்சத்தக்க தோற்றம்! ஆயினும் காவலர் அவளை விரட்டவில்லை. கேளாமல் உள்ளே விடவுமில்லை. வாயிலில் நிறுத்திவிட்டு, தாம் கண்டதை அரசனிடம் சென்று உரைத்தார். அவள் சினத்தையும் சொன்னார், சிலம்பையும் சொன்னார், கணவனை இழந்தவள் என்பதையும் மறைக்கவில்லை. அதன் பின்னரே வழக்கு நடந்தது. கோவலன் கள்வன் அல்லன் என்பது வெளிப்பட்டது. அரசன் ஆராயத் தவறிய இடத்தில், காவலர் தம் கடமையில் தவறவில்லை.

காத்தலும் வரவேற்றலும் ஒருவரிடமே சேர்வது இன்றும் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து இராஜகுளம் போன்ற சிற்றூர்களிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்குச் செல்பவர் முதலில் காண்பது இத்தகைய ஒருவரைத்தான். அவர் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார்; அடையாள அட்டையைப் பார்க்கிறார்; தொலைபேசிக்கு விடை சொல்கிறார். அதற்கிடையே கண் வாயிலை விட்டு அகலலாகாது. ஐயம் மிகுந்தால் வந்தவர் மனம் புண்படும். தாட்சணியம் மிகுந்தால் காவல் தளரும். ஆகையால் கேள்வி எல்லாருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். காரில் வந்தவரைக் கேளாமல் விட்டு, நடந்து வந்தவரை மட்டும் துருவிக் கேட்பது காவல் ஆகுமா?

இதனைப் பழகித்தான் கற்கவேண்டும். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கென 2005இல் நடுவண் அரசு சட்டம் இயற்றியது. 2006ஆம் ஆண்டு மாதிரி விதிகள், புதிய காவலருக்கு 100 மணிநேர வகுப்புப் பயிற்சியும் 60 மணிநேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. நெடுநேரம் நிற்கும் கால்களின் வலியையும் சட்டம் ஒருவாறு எண்ணிப் பார்த்திருக்கிறது. கடைகள், நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் தன் சட்டத்தைத் திருத்தியது.

நாளை ஒரு வாயிலில் உங்கள் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், தெளிவாகச் சொல்லுங்கள். நாளை நீங்களே அந்த இருக்கையில் அமர நேர்ந்தால், அழுத கண்ணோடு வருபவரின் செய்தியைக் குறைக்காமல் உள்ளே சேர்ப்பியுங்கள். வாயிலில் அது நின்றுவிட்டால், உள்ளே எத்தனை நல்லவர் இருந்தும் பயன் என்ன?